"உன்ர இடத்துக்குப் பின்னால நூறு பேர் நிக்கினம்"

ஏ.எல் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வந்து, ஆருக்கு எங்க கிடைச்சது என்று ஊருக்கே தெரிஞ்ச பிறகு எங்கட பக்கங்களில் ஒரு கௌரவிப்பு விழா நடக்கும். சனசமூக நிலையம் வைக்கும், இல்லாவிட்டால் பழைய மாணவர் சங்கம் வைக்கும். மாலை, பொன்னாடை, ஒரு கேடயம், ரோல்ஸும் கேக்கும் வைச்ச பெட்டி. பிறகு பிரதம விருந்தினர் உரை. அந்த உரையில் ஒரு வசனம் கட்டாயம் வரும். "பிள்ளையள், உங்களுக்குக் கிடைச்ச இடத்துக்குப் பின்னால நூறு பேர் நிக்கினம். அதை மறக்கக்கூடாது."

நாங்களும் அப்படியொரு விழாவில் முன்வரிசைப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அதைக் கேட்டவர்கள்தான். கை தட்டினோம், பெருமையாகவும் இருந்தது. அதே வசனத்தை இரண்டாம் வருசம் விடுதியில், நித்திரை வராத ஒரு இரவில் நினைச்சுப் பாருங்கள். "இந்தப் பாடம் எனக்கானதில்லையோ" என்று வாயெடுக்க முதலே அது வந்து வாயைப் பொத்தும்.

நாங்கள் ஐந்து பேர். ஒரே ஊர், ஒரே வயசு. ஒருவன் பொறியியல், ஒருத்தி விவசாயம், இன்னொருத்தி கலைப்பீடம், ஒருவன் முகாமைத்துவம், ஒருவன் பௌதிக விஞ்ஞானம். ஐந்து பேரும் ஏதோ ஒரு கட்டத்தில் "மச்சான், நான் பிழையான இடத்தில நிக்கிறனோ?" என்று எங்களுக்குள் கேட்டிருக்கிறோம். ஒருவரும் வீட்டில் கேட்கவில்லை. பௌதிக விஞ்ஞானக்காரன் இரண்டாம் வருசத்தோடு விட்டிட்டு வந்துவிட்டான். அவனுடைய வீட்டில் அயலுக்குச் சொன்ன காரணம், "பெடியனுக்குச் சுகமில்லை." ஒரு பிள்ளைக்குத் தன் பாடத்தில் சந்தேகம் வந்தது என்று சொல்வதைவிட அவனை நோயாளி ஆக்குவது மரியாதை என்று நினைக்கிற ஒரு சமூகத்தில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறோம்.

அந்த விழா வசனம் பிழை. அதைச் சொல்வதை நிறுத்துங்கள். இதுதான் நாங்கள் சொல்ல வருவது. ஏன் பிழை என்று ஒவ்வொன்றாகக் கதைப்போம்.

முதலில் கணக்கு. அண்மைய வருசங்களில் ஏ.எல் சோதனையில் பல்கலைக்கழகம் போகத் தகுதி பெறுகிறவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். அரச பல்கலைக்கழகங்கள் எடுக்கிறது ஏறக்குறைய 40,000 பேரை. அப்படிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் நிற்கிறது நூறு பேரில்லை, மூன்று பேர் அளவில். அந்த மூன்று பேரின் ஏக்கம் சின்ன விசயம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. எங்கட வகுப்பிலேயே இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் எடுத்து, புள்ளி கொஞ்சம் காணாமல் போனவர்கள் இருக்கினம். அவர்களை நினைச்சுத்தான் இதை இன்னும் அழுத்திக் கேட்கிறோம்: நான் வாயை மூடிக்கொண்டு, மனமில்லாமல், றிப்பீட் அடிச்சு அடிச்சு நாலு வருசத்தை ஆறு வருசமாக்கி முடிச்சால் பின்னால் நிற்கிற அவளுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமே கிடைக்காது.

தெரிவானவர்கள் பதிவு செய்யாமல் விட்ட இடங்களுக்கு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அடுத்த நிலையில் இருக்கிறவர்களை எடுக்கும். அந்த வெற்றிடம் நிரப்புகிற காலம் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு விடுகிறவனுடைய கதிரை வெறுங்கதிரையாகவே கிடக்கும். அதாவது, சந்தேகம் நேரத்தோடு வாயால் வந்தால்தான் பின்னால் நிற்கிறவளுக்கு இடம் கிடைக்கும். "அந்த நூறு பேரை நினை" என்று வெருட்டி எங்கட வாயை அடைக்கிறவர்கள், உண்மையில் அந்த நூறு பேருடைய வாய்ப்பையும் சேர்த்துத்தான் அடைக்கினம்.

இரண்டாவது, "நீயாத்தானே தெரிவு செய்தாய்" என்ற கதை. நாங்கள் எப்படித் தெரிவு செய்தோம் என்று சொல்லட்டா? ஓ.எல் கடைசிப் பேப்பர் முடிஞ்ச கிழமையே ரியூட்டரிக்காரரின் நோட்டீஸ் வீட்டு வாசலுக்கு வந்திட்டுது. பெறுபேறு வர முதலே வகுப்புத் தொடங்கிவிட்டது. பதினாறு வயசு. கெட்டிக்காரர் என்றால் கணிதம், இல்லாவிட்டால் உயிரியல். அதற்கு ஏலாதவர்கள் வர்த்தகம். மிச்சம் கலை. 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு என்று ஒன்று வந்தது, அதையும் எங்கட ஆக்கள் "கணிதம் ஓடாத பிள்ளையளுக்கு" என்று ஒரே வசனத்தில் முடிச்சுப்போட்டினம். நில அளவையாளர் என்ன வேலை செய்கிறார், விவசாயப் போதனாசிரியருடைய ஒரு நாள் எப்படிப் போகும், கணக்காய்வு என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. நாங்கள் கண்ட தொழில்கள் மூன்று: டொக்டர், இஞ்சினியர், ரீச்சர்.

பிறகு ஏ.எல். பிறகு இசட் புள்ளி. அதற்குப் பிறகு விண்ணப்பம். ஒன்லைனில் நிரப்புகிற அந்தப் படிவத்தை எங்களில் மூன்று பேர் ஊர்ச் சந்தியிலுள்ள கொமினிக்கேசனில் இருந்து நிரப்பினோம். எந்தப் பாடநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று விருப்ப ஒழுங்கில் அடுக்க வேண்டும். கைநூலில் பாடநெறிகளின் பெயர் கனக்க இருக்கு. அதில் பாதியை நாங்கள் அன்றுதான் முதன்முதலாய்க் கண்டோம். எங்கட 'விருப்ப ஒழுங்கு' எப்படி வந்தது தெரியுமா? போன வருச வெட்டுப்புள்ளியை எடுத்துப் பெரிசிலிருந்து சின்னனுக்கு அடுக்கினோம். அவ்வளவுதான். புள்ளி கூடினது நல்ல பாடம், குறைஞ்சது கூடாத பாடம். விவசாயம் படிக்கிற எங்கட தோழி அதைப் பட்டியலில் எத்தினையாம் இடத்தில் போட்டாள் என்பது அவளுக்கே ஞாபகமில்லை. மாவட்டத்துக்கு 55 வீதம், அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று பிரிச்சு, கணினி ஒன்று அவளுக்கு ஒரு முடிவைக் கொடுத்தது. அந்த முறை நியாயமா இல்லையா என்பது வேறு கட்டுரை. ஆனால் அந்தக் கணினி கொடுத்ததை "உன்ர கனவு" என்று அவளுக்கே திருப்பி விற்காதீர்கள்.

சந்தேகம் வந்தவுடன் விட்டிட்டு ஓட வேணும் என்று நாங்கள் சொல்கிறோம் என நினைக்க வேண்டாம். எங்கட ஐந்து பேரின் கதையையும் வைச்சுப் பார்த்தால், "இது எனக்குச் சரிவராது" என்ற ஒரே வசனத்துக்குள் வேறு வேறு சங்கதிகள் இருந்தன.

பொறியியல்காரனுக்கு இருந்தது ஆங்கிலம். ஏ.எல் வரைக்கும் தமிழில் படிச்சவன். கணக்கு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. முதலாம் வருசம் முதல் விரிவுரையில் சேர் ஆங்கிலத்தில் கதைக்க, தெரிஞ்ச விசயமே தெரியாத விசயமாய்ப் போச்சு. பக்கத்தில் இருக்கிறவன் தலையாட்டுகிறான், எனக்கு மட்டும்தான் மூளையில்லை என்று நினைச்சான். பிறகு பார்த்தால் பக்கத்தில் இருந்தவனும் இவனைப் பார்த்து அதையேதான் நினைச்சிருக்கிறான். சீனியர் ஒரு அண்ணா இரவில் குப்பி வைச்சு, அதே பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. அவனுடைய சந்தேகம் பொறியியலில் இல்லை, மொழியில். அதை ஆராவது முதல் மாதமே கேட்டிருந்தால் ஒரு வருசம் மிஞ்சியிருக்கும்.

கலைப்பீடக்காரிக்கு இருந்தது பகிடிவதையும் தனிமையும். பாடம் அவளுக்கு உயிர். ஆனால் கம்பஸ் வாசலைக் கண்டாலே வயிறு கலங்கும். பகிடிவதைக்கு எதிராக 1998 இலேயே இந்த நாட்டில் சட்டம் வந்திட்டுது. சட்டம் புத்தகத்தில் இருக்க, "எங்கட காலத்தில இதெல்லாம் பகிடி" என்கிற அண்ணாமாரும் வளாகத்தில் இருந்தார்கள். அவள் விட்டிட்டுப் போயிருந்தால் "படிப்பில மனமில்லை" என்றுதான் ஊர் எழுதியிருக்கும்.

முகாமைத்துவக்காரனுக்கு இருந்தது வேலைப் பயம். அது வீண்பயமில்லை. 2017 இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்காய் வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருந்ததை நாங்கள் பள்ளிக்கூடம் போகேக்க பார்த்தவர்கள். 2020 இல் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளை எடுத்தது. பயிற்சிக் காலத்தில் மாதம் 20,000 ரூபா. பிறகு அவர்களில் கனபேர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் இருக்கினம். படிச்ச பாடத்துக்கும் செய்கிற வேலைக்கும் சம்பந்தமில்லாமல், கதிரை காணாமல் இருந்தவர்களையும் எங்களுக்குத் தெரியும். இதைக் கண்ணால் கண்ட ஒருவனிடம் "நீ படி, வேலை தானா வரும்" என்று சொன்னால் அவன் எதை நம்புவான்?

விவசாயக்காரிக்கு வந்தது ஒரு விசித்திரமான சந்தேகம். அவளுக்குப் பாடம் பிடிச்சுப்போட்டுது. ஆனால் "மெடிசின் கிடைக்காத பிள்ளை" என்ற பெயர் அவளை விட்டுப் போகவில்லை. கலியாண வீட்டில், செத்த வீட்டில், எங்கயும் "ஏன் பிள்ளை, இன்னொருக்கா எடுத்துப் பார்த்திருக்கலாமே?" மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் படிக்கிற ஒருத்தியை, விவசாயத்தில் சாப்பிட்டு வளர்ந்த ஊரே கேவலமாய்ப் பார்த்தது. அவளுடைய சந்தேகம் அவளுடையதே இல்லை, நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்குள் வைச்சது.

ஐந்து பேரில் ஒருவனுக்குத்தான், பௌதிக விஞ்ஞானக்காரனுக்குத்தான், உண்மையிலேயே பாடம் ஒட்டவில்லை. ஆய்வுகூடத்தில் நிற்கிற நேரம் முழுக்க, பழுதான கருவியைத் திருத்துகிறதில்தான் அவனுடைய கை போகும். சமன்பாட்டில் போகாது. இப்ப அவன் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சார வேலை படிக்கிறான், பின்னேரத்தில் ஒரு கடையில் ஏசி திருத்துகிறான். சந்தோசமாய் இருக்கிறானா என்று கேட்டால், "உழைக்கிறன், நித்திரை வருது" என்கிறான். அவனுக்குப் பொன்னாடை போர்த்த ஒருவரும் வரவில்லை. நாங்கள் எதிர்பார்க்கவுமில்லை. சுகமில்லாதவன் என்று சொல்லாமல் விட்டால் காணும்.

ஐந்து சந்தேகம், ஐந்துக்கும் வேறு வேறு மருந்து. வாயைத் திறக்க விட்டால்தான் எது எது என்று பிரிச்சுப் பார்க்கலாம்.

இப்ப பெரியாக்களின் பக்கம். அதைக் கேட்காமல் எழுதுவது நியாயமில்லை. ஒரு அம்மம்மா எங்களிடம் சொன்னா, "எங்களுக்கு இடம் தராமல் விட்டவங்கள், நீங்கள் கிடைச்சதை எறியிறியள்." அவ சொல்கிறது கட்டுக்கதையில்லை. 1970/71 இல் மருத்துவபீடம் போக, சிங்களத்தில் எழுதின பிள்ளைக்கு 229 புள்ளி காணும், தமிழில் எழுதின பிள்ளைக்கு 250 வேணும் என்று வைச்சார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படிச்சவர்கள் எங்கட அம்மா அப்பா. அவர்களுக்குப் பல்கலைக்கழக இடம் என்பது ஒரு பாடநெறி இல்லை. காணி போனாலும், வீடு போனாலும், கொண்டு திரியக்கூடிய ஒரே சொத்து அது. "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" என்ற பழமொழியை நாங்கள் பகிடியாய்ச் சொல்வோம். 2022 இல் வரிசையில் நின்று, பிரைவேட் கொம்பனிகள் ஆக்களை நிப்பாட்டினதைப் பார்த்த பிறகு எங்களுக்கும் அதில் பாதி விளங்குது.

ஆனால் அம்மம்மா, அதே 2022 இற்குப் பிறகு நூற்றுக்கணக்கான டொக்டர்மார் இந்த நாட்டை விட்டுப் போயிருக்கினம். ஊர் கண்ட உச்சக்கட்டப் பாதுகாப்பான வேலையில் இருந்தவர்களும்தான் "இஞ்ச இருக்கிறதா, போறதா" என்று சந்தேகப்பட்டினம். அவர்களை ஒருவரும் நன்றி கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, "லண்டன்ல நல்லா இருக்கிறானாம்" என்றுதான் சொல்கிறோம். வெளிநாடு போகச் சந்தேகப்பட்டால் கெட்டித்தனம், பாடத்தில் சந்தேகப்பட்டால் குற்றமா? உங்கட தலைமுறை கேட்டது படிக்கிற உரிமை. அதை வாங்கித் தந்ததுக்குக் கைமாறாய் எங்கட வாயைக் கேட்காதேங்கோ.

மற்றப் பக்கத்தில் நிற்கிற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபேஸ்புக்கிலும் யூரியூப்பிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு "பிடிச்சதை மட்டும் செய், மிச்சத்தைத் தூக்கி எறி" என்கிற அண்ணாமாரே, மகாபொலக் காசு வந்த நாளில் தங்கச்சிக்குக் கொப்பி வாங்கிக்கொண்டு போகிற பிள்ளையைப் பார்த்து அதைச் சொல்லாதேங்கோ. விழுந்தால் தூக்க வெளிநாட்டில் மாமா இருக்கிறவனுக்கு 'பிடிச்சது' இலேசு. தோட்டக் கூலிக்குப் போகிற அம்மாவின் மகளுக்கு ஒரு வருசம் என்பது ஒரு வருசம்தான், அதை ஆரும் திருப்பித் தரமாட்டினம். அவளுக்குத் தேவை தைரியம் ஊட்டுகிற பேச்சில்லை. முழுசாய் இழக்காமல் பாதை மாறுவதற்கு ஒரு வழி.

அந்த வழிதான் இங்கே இல்லை. எங்கட அரச பல்கலைக்கழகங்களில் ஒரு பீடத்திலிருந்து இன்னொரு பீடத்துக்கு மாறுவது அநேகமாய் நடக்காத காரியம். பதினாறு வயசில் ஏறின பஸ்ஸில் இருபத்தைந்து வரைக்கும் இறங்காமல் இருக்க வேண்டும். இறங்கினால் நடுத்தெரு. அதனால்தான் நாங்கள் "சந்தேகப்படு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக ஏலாது. கேட்கிறது இவைதான்.

பாடசாலைகளிடம்: ஓ.எல் முடிஞ்ச பிள்ளைகளுக்கு முன்னால் தொழில் செய்கிற ஆக்களைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். தாதி, நில அளவையாளர், கணக்காளர், மின்சார வேலைக்காரர், மீன்பிடிப் படகு திருத்துகிறவர். வெற்றிக்கதை வேண்டாம். சம்பளம் எவ்வளவு, அலுப்பு எவ்வளவு, எத்தினை மணிக்கு வீட்டை வாறது என்று சொல்லட்டும்.

பல்கலைக்கழகங்களிடம்: முதலாம் வருச முடிவில் சின்ன எண்ணிக்கையில் என்றாலும் பீடம் மாற ஒரு கதவு திறவுங்கள். விட்டுப் போகிறவருக்குப் படிச்சு முடிச்ச பாடங்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுங்கள், அந்த இரண்டு வருசம் வெறும் பூச்சியமாய்ப் போகக்கூடாது. முதல் அரையாண்டில் ஆங்கிலத்துக்குச் செலவழிக்கிற நேரத்தைக் கூட்டுங்கள். மாணவர்களே இரவில் முழிச்சிருந்து குப்பி வைச்சுத்தான் இந்த ஓட்டையை அடைக்க வேண்டுமா?

சீனியர்மாரிடம்: ஜூனியரைக் கூப்பிட்டு உங்கட பெயர் பாடமாக்கச் சொல்கிற நேரத்தில், "உனக்கு எது விளங்கேல்லை?" என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மா அப்பாவிடம்: ஒரு கேள்வி. "எப்ப முடியும்?" என்று கேட்கிறீர்கள், "எப்பிடிப் போகுது?" என்றும் கேளுங்கள். பதில் வந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாதேங்கோ. ஒரு கிழமை பொறுங்கோ.

சந்தேகத்தோடு இருக்கிற உங்களிடமும் சொல்ல இருக்கு. ஒரு றிப்பீட் வந்ததுக்காக விடாதேங்கோ. அது பாடமா, மொழியா, ஆக்களா, பயமா என்று ஒரு கொப்பியில் எழுதிப் பிரியுங்கள். நீங்கள் போக நினைக்கிற மற்றத் தொழிலை விடுமுறையில் ஒரு மாதம் என்றாலும் கிட்ட நின்று பாருங்கள், அங்கேயும் அலுப்பு இருக்கும். மாணவர் ஆலோசகர் என்று ஒருவர் பீடத்தில் இருக்கிறார், அவரிடம் ஒருக்கால் போங்கள். நித்திரையே வராமல், சாப்பாடே இறங்காமல் இருந்தால் அது பாடத்தைவிடப் பெரிய விசயம், 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். எல்லாம் செய்தும் பதில் அதேதான் என்றால், அப்ப எழும்புங்கள். முடிச்சுவிட்டு வேறு திசையில் போகிறதும் ஒரு வழி, நடுவில் இறங்குகிறதும் ஒரு வழி. எங்களில் நாலு பேர் முதலாவதை எடுத்தோம், ஒருவன் இரண்டாவதை. ஐந்து பேரும் இன்னும் ஒரே வட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறோம்.

போன மாதம் எங்கட ஊரில் திரும்பவும் ஒரு கௌரவிப்பு விழா. அதே மண்டபம், அதே பிளாஸ்டிக் கதிரை, முன்வரிசையில் புதுப் பிள்ளைகள். மேடை ஸ்பீக்கர் இடையில் நின்றுபோக, அதைத் திருத்தக் கூப்பிட்டது எங்கட பௌதிக விஞ்ஞானக்காரனைத்தான். பத்து நிமிசத்தில் சரிப்பண்ணிக் கொடுத்தான். பிரதம விருந்தினர் மைக்கைப் பிடிச்சு, அதே வசனத்தைத் திரும்பச் சொன்னார். அவன் பக்கத்தில் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றான். அடுத்த வருசமும் இந்த விழா நடக்கும். அந்த மைக் எங்கட கைக்கு வந்தால் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லப்போவது இதுதான்: வாழ்த்துகள். போய்ப் பாருங்கள். சரிவராவிட்டால் வந்து சொல்லுங்கள், கேட்க நாங்கள் இருக்கிறம்.